எழுதிக்கொண்டு போனது என்ன ஆயிற்று?

2017ஆம் ஆண்டுக் கோடையில் ஒட்டன்சத்திரத்துக்கு வடக்கே, நங்காஞ்சியாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றுக்கு எங்கள் கல்லூரி மாணவர்களுடன் போயிருந்தேன். முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை முற்றாகப் பொய்த்திருந்தது. பழனி மலைச்சரிவிலிருந்து இறங்கி, விருப்பாட்சியைக் கடந்து, இடையகோட்டைப் பக்கமாகப் போய் அமராவதியில் சேரும் அந்த ஆறு, மணலும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்தது. மாணவர்கள் கையில் வினாப்பட்டியலுடன் தெருவில் இறங்கியபோது, வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் என்னை அழைத்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, ரெண்டு வருசத்துக்கு முன்னாலயும் இப்படித்தான் பிள்ளைக வந்து எழுதிக்கிட்டுப் போச்சுங்க. அது என்னாச்சுங்க?"

என்னிடம் பதில் இல்லை. முன்பு வந்த பிள்ளைகள் எந்தக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் என்று விசாரிக்கவும் துணிவில்லை. எங்கள் கல்லூரியாகவே இருந்திருக்கலாம். அவர்கள் எழுதிக்கொண்டு போனது எங்கே போயிருக்கும் என்பதை மட்டும் ஓரளவு ஊகிக்க முடிந்தது. சுருள்கம்பி கோத்த ஓர் அறிக்கையாகி, பதாகையைப் பிடித்தபடி நிற்கும் புகைப்படம் ஒட்டப்பட்டு, மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் மேசையில் அடுக்கப்பட்டு, பிறகு அலமாரிக்குள் போயிருக்கும்.

அன்றிரவு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கல்லூரி மாணவர்களைக் கிராமத்துக்கு அனுப்பிப் பாடம் கற்பிப்பது என்பது நம் நாட்டில் எப்போது தொடங்கியது, யாரால் தொடங்கியது, அவர்கள் எழுதிக்கொண்டு போனவை என்ன ஆயின என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு இந்த வேலை எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்தவர்களின் வழியில் வந்தவர்கள் நாம்; கணக்கு நோட்டைத் தேடி அலைவதில் பெரிய இழுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவைத்தேன்.

இன்று பட்டப்படிப்பு மாணவர் எல்லாரும் சுற்றுச்சூழல் கல்வி என்ற தாளை எழுதித் தேறவேண்டும். இதற்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் தொடுத்த பொதுநல வழக்கில், கல்வியின் எல்லா நிலைகளிலும் சுற்றுச்சூழல் கற்பிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் உத்தரவிட்டது. அது நடைமுறைக்கு வர மேலும் 12 ஆண்டுகளும் இன்னோர் உத்தரவும் தேவைப்பட்டன. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை வகுத்துக் கொடுத்தது. மொத்தம் 50 விரிவுரைகள்; அதில் எட்டாவது அலகு களப்பணி. அருகிலுள்ள ஓர் ஆற்றையோ காட்டையோ மலையையோ நேரில் போய்ப் பார்த்துப் பதிவு செய்யவேண்டும். அதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் ஐந்து விரிவுரைகளுக்குச் சமம். ஐம்பதில் ஐந்து. அந்த ஐந்தும் நான் அறிந்த பல இடங்களில் வகுப்பறையிலேயே, முந்திய ஆண்டு மாணவனின் அறிக்கையைப் பார்த்து எழுதுவதாக முடிந்துவிடுகிறது. ஆற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய மாணவனிடம் உன் ஊர் ஆறு எங்கே தோன்றுகிறது என்று கேட்டால் விழிப்பான்.

ஆனால் நூறாண்டுகளுக்கு முன்பு, சென்னைப் பல்கலைக்கழகத்தில், இதற்கு நேர்மாறான ஒரு காரியம் நடந்திருக்கிறது.

கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர் 1915இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்து சேர்ந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்களுக்காக நடத்தப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். (இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறு வகையில் தெரிந்திருக்கலாம். இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறுகள் பற்றி 1924இல் ஒரு நூல் எழுதியவரும் இவரே.) வந்த இடத்தில் அவருக்கு ஒரு சிக்கல். இந்தியப் பொருளியலைக் கற்பிக்கவேண்டும். ஆனால் கையிலிருந்த பாடநூல்கள் இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் பற்றியவை. எதிரே அமர்ந்திருந்த மாணவர்களோ தஞ்சாவூர், திருநெல்வேலி, ஆர்க்காடு என்று பல சீமைகளிலிருந்து வந்தவர்கள். ஸ்லேட்டர் ஒரு வினாப்பட்டியலைத் தயாரித்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அவரவர் ஊரைப் பற்றியே எழுதிவரச் சொன்னார். எத்தனை குடும்பம், எத்தனை கிணறு, நிலம் யாரிடம், கூலி என்ன, கடன் எவ்வளவு, எந்தச் சாதியார் எந்தத் தொழில் என்பனவெல்லாம் அதில் அடக்கம். அப்படி வந்த அறிக்கைகளைத் தொகுத்து 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஒரு நூலாக வெளியிட்டார். வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு என்று அதில் வரும் ஊர்ப்பெயர்களைப் படிக்கும்போதே ஒரு கிளர்ச்சி உண்டாகிறது.

இதில் நான் கவனிப்பது ஒன்று: அவர்கள் சென்றது சொந்த ஊருக்கு. தவறாக எழுதினால் அடுத்த விடுமுறையில் அதே தெருவில் நடந்தாக வேண்டும். மூதாட்டி கேட்ட கேள்வியை அவர்களிடம் ஊரார் எந்நாளும் கேட்டிருக்க முடியும். அதே சமயம், அன்று பல்கலைக்கழகம் வரை வந்தவர்கள் எந்த வீட்டுப் பிள்ளைகள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஊரின் ஒரு தெருவிலிருந்து பார்த்து எழுதிய ஊர் அது. எழுதியது ஆங்கிலத்தில், அச்சானதும் ஊராருக்கு எட்டாத நூலகங்களுக்கே போயிற்று.

ஆயினும் அந்த நோட்டுகள் வீணாகவில்லை. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் வெளியிட்டார்கள். விழுப்புரம் பகுதியிலுள்ள இருவேல்பட்டுக்கு 1960களிலும் 1980களிலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் மறுபடி போய், 1916 முதல் அவ்வூரில் நிலமும் கூலியும் சாதி உறவும் அடைந்த மாற்றங்களை எழுதினார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவர் எழுதிய குறிப்பு, ஒரு நூற்றாண்டுக் கால மாற்றத்தை அளக்கும் முதல் கல்லாக நின்றுவிட்டது. ஒழுங்காகக் கணக்கெடுத்து எழுதிவைப்பதே ஒரு தொண்டு என்று இதைப் படித்த பிறகுதான் எனக்குப் பட்டது. அதுவரை, எழுதுவதை விட்டுவிட்டு மண்வெட்டியைப் பிடிப்பதே கிராமப்பணி என்று நினைத்திருந்தேன்.

அடுத்த நிகழ்ச்சி குஜராத்தில் நடந்தது. ஆனால் நாயகர் தஞ்சாவூரில் பிறந்தவர்.

ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்று பெயரிடப்பட்டு, பின்னர் தம் பாட்டனார் பெயரை ஏற்று ஜே.சி. குமரப்பா ஆனவரைப் பற்றித் தமிழ்நாட்டில் அண்மைக்காலமாகக் கொஞ்சம் பேசுகிறார்கள். இலண்டனில் தணிக்கைக் கணக்கியல் படித்து, பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தி, பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயின்று திரும்பியவர். 1929இல் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களைக் கொண்டு ஒரு வட்டம் முழுவதையும் பொருளாதாரக் கணக்கெடுப்புச் செய்யமுடியுமா என்று காந்தி கேட்டார். குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. மாணவர்களுக்குக் குமரப்பா அறிந்த கணக்கியல் தெரியாது. ஒருவர் குறையை மற்றவர் நிரப்பிக்கொண்டு, அந்தக் குழு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் கிராமங்களை வீடு வீடாக ஆராய்ந்தது. நிலவரி விளைச்சலுக்குப் பொருத்தமானதா என்பதே அடிப்படைக் கேள்வி. பல துறையினர் சேர்ந்து செய்யும் களப்பணி என்று இன்று கருத்தரங்குகளில் பேசப்படுவது, பெயர் சூட்டப்படாமலே அங்கே நடந்தது.

அந்த நோட்டுகள் என்ன ஆயின? இங்கேதான் வரலாறு எனக்கு மிகவும் பிடித்த ஒரு திருப்பத்தை எடுக்கிறது. 1930 மார்ச்சில் காந்தி தண்டியை நோக்கி நடந்தார். அந்த வழியிலேயே மாத்தரும் இருந்தது. அந்த நடைப்பயணத்துக்கு முன்னோடியாக வித்யாபீட மாணவர்களின் ஒரு குழு கிராமம் கிராமமாகச் சென்றது. அருண் துகடி, அதாவது விடியற்படை என்று அதற்குப் பெயர். மக்கள்தொகை, மாடுகள், நிலவரி, இராட்டைகள் என்று ஒவ்வோர் ஊரின் கணக்கையும் திரட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை. மாலையில் ஊர்க்கூட்டத்தில் காந்தி அந்தக் கணக்கை வைத்தே பேசினார். பயணத்தின் முதல் தங்கலான அஸ்லாலியில், அவ்வூருக்கு எவ்வளவு உப்பு வேண்டும், அதற்கு எவ்வளவு வரி போகிறது என்று அவர்கள் ஊர் மக்கள்தொகையைக் கொண்டே கணக்குப் போட்டுக் காட்டினார். ஊரிலிருந்து எடுத்தது ஊருக்கே படிக்கப்பட்டது. கேட்டவர்களில் யாரேனும் எழுந்து, எங்கள் ஊரில் அத்தனை மாடு இல்லை என்று மறுத்திருக்கவும் முடியும். ஆய்வேட்டுக்கு இதைவிடக் கடுமையான வாய்மொழித் தேர்வு கிடையாது.

குமரப்பா பின்னர் 1945இல், ஜபல்பூர்ச் சிறையிலிருந்து, நிலைபேற்றுப் பொருளாதாரம் பற்றிய தம் நூலை எழுதினார். இயற்கையிலிருந்தே ஐந்து வகைப் பொருளாதாரங்களை அதில் அவர் காட்டுகிறார். கொன்று தின்னும் புலி, உழைக்காமல் தோப்பில் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரையூட்டும் தாய்ப்பறவை. ஐக்கிய நாடுகள் அமைத்த ப்ருண்ட்லண்ட் ஆணையம் 1987இல் வருங்காலத் தலைமுறையினரின் தேவையைக் குலைக்காத வளர்ச்சி என்று வரையறை தந்தபோது உலகம் வியந்தது. அதற்கு நாற்பதாண்டுகளுக்கு முன்னரே சிறைக்குள் ஒரு தஞ்சாவூர்க்காரர் அதைக் குரங்கையும் தேனீயையும் வைத்துச் சொல்லி முடித்திருந்தார். நாம் இப்போது வளங்குன்றா வளர்ச்சி என்கிறோம். நீடித்த வளர்ச்சி என்றும் சொல்கிறோம். எனக்கு நிலைபேறு என்ற சொல்லே பிடித்திருக்கிறது. வளர்ச்சி என்ற ஒட்டு இல்லாமலே அது நிற்கிறது. குமரப்பா தம் கடைசி ஆண்டுகளை மதுரைக்குத் தெற்கே தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மதுரையில் மறைந்தார்.

இடையில் 1937இல் வார்தாவில் கூடிய மாநாட்டையும் சாகிர் உசேன் குழுவையும் சொல்லவேண்டும். கைத்தொழில் வழியே கல்வி என்ற ஆதாரக் கல்வித் திட்டம் அங்கே பிறந்தது. குமரப்பா அக்குழு உறுப்பினர்களில் ஒருவர். அமைப்பாளராக இருந்தவர் ஆரியநாயகம், யாழ்ப்பாணத் தமிழர். சேவாகிராமத்தில் தம் துணைவியார் ஆஷா தேவியுடன் அத்திட்டத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவரும் அவரே. ஆனால் ஆதாரக் கல்வி பள்ளிக்குழந்தைகளுக்கானது. பள்ளியில் நூற்றுப் பழகிய பிள்ளை பிறகு எங்கே போகும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் பிறந்த இடங்களில் ஒன்று ஒட்டன்சத்திரத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கிறது.

1946 பிப்ரவரியில் காந்தி மதுரையிலிருந்து பழனிக்கு ரயிலில் போனார். வழியில் அம்பாத்துரையில் சின்னாளப்பட்டி மக்கள் திரண்டு வந்து அவரைப் பார்த்தார்கள். அதே ரயில் பாதையில்தான் ஒட்டன்சத்திரமும் இருக்கிறது. மறு ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, சிறுமலையடிவாரத்தில், அந்த அம்பாத்துரைக்கும் சின்னாளப்பட்டிக்கும் பக்கத்தில் காந்திகிராமம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் மருத்துவர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. இராமச்சந்திரனும்.

இந்த இருவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். சௌந்தரம், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தோற்றுவித்த டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். இளவயதில் கணவரை இழந்து, பிறகு டில்லி சென்று லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். இராமச்சந்திரன் நெய்யாற்றின்கரைக்காரர், சாந்திநிகேதன் மாணவர். 1924இல், இருபது வயதில், கலையும் அழகும் பற்றிக் காந்தியோடு அவர் நடத்திய உரையாடல் அக்காலத்திலேயே அச்சில் வந்தது. தாகூரின் இடத்தில் அவர் பார்த்திருக்கக்கூடியது கவிதையும் ஓவியமும் மட்டுமல்ல. பக்கத்திலேயே 1922இல் எல்ம்ஹர்ஸ்டின் துணையோடு தாகூர் தொடங்கிய ஸ்ரீநிகேதன் கிராமச் சீரமைப்பு நிலையமும் இருந்தது. சாந்திநிகேதனும் சபர்மதியும் ஒரே மனிதருக்குள் சேர்ந்ததன் விளைவே காந்திகிராமம் என்று சொன்னால் மிகையாகாது.

விடுதலைக்குப் பிறகு இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் 1949இல் தந்த அறிக்கையில் கிராமப் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஓர் இயல் உண்டு. அதன் பின்னால் இருந்தவர் அந்த ஆணையத்தின் அமெரிக்க உறுப்பினர்களில் ஒருவரான ஆர்தர் மார்கன். இவரும் விசித்திரமான மனிதர். தொழிலால் பொறியாளர், டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவர். ஒஹாயோவில் அந்தியாக் கல்லூரியை நடத்தியபோது, மாணவர்கள் சில காலம் வகுப்பிலும் சில காலம் வெளியே உண்மையான வேலையிலும் மாறி மாறி இருக்கவேண்டும் என்ற முறையை 1921 முதல் நடைமுறைப்படுத்தியவர். அணை கட்டியவர் சிற்றூர்களின் கல்வியைப் பற்றி எழுதினார் என்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது.

1954இல் கே.எல். ஸ்ரீமாலி தலைமையில் ஒரு குழு அமைந்து, 1956இல் நாட்டின் சில இடங்களில் கிராமிய உயர்கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் இரண்டு இடங்கள்: ஒன்று கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், மற்றது காந்திகிராமம். அங்கே மூன்றாண்டு கிராமப்பணிப் பட்டயம் தரப்பட்டது. பிற்காலத்தில் இவற்றில் பல வழக்கமான கல்லூரிகளின் போக்கிலே கலந்துவிட்டன. பட்டயத்துக்கு வேலைவாய்ப்பு இல்லை என்பது பெற்றோர் குறை. அதில் நியாயமும் இருந்தது. கிராமத்துப் பிள்ளை கல்லூரிக்கு வருவதே கிராமத்திலிருந்து தப்பிக்கத்தான். அவனை அங்கேயே திருப்பி அனுப்புகிறோம் என்று சொல்ல நகரத்துப் பெரியவர்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது. காந்திகிராம நிலையம் மட்டும் தன் பெயரையும் நோக்கத்தையும் விடாமல் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. இராமச்சந்திரனே முதல் துணைவேந்தர்.

கற்பித்தல், ஆராய்ச்சி என்ற இரண்டோடு விரிவாக்கப்பணி என்ற மூன்றாவதையும் சம எடையில் வைப்பது காந்திகிராமத்தின் கொள்கை. மாணவர்கள் ஆசிரியர்களோடு ஒரு கிராமத்தில் போய்த் தங்கி, ஊரைப் படித்து, ஊராரோடு வேலை செய்து வரும் கிராமத் தங்கல் திட்டம் அங்கே பாடத்தின் பகுதி. அங்கே படித்த என் நண்பர் ஒருவர் சொல்வார்: முதல் இரண்டு நாள் ஊரார் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், மூன்றாம் நாள் எங்களுக்கு என்னென்ன தெரியாது என்பதைக் கண்டுகொண்டு கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள், ஊருக்கு நாங்கள் ஏதாவது செய்யலாம் என்ற நிலை வந்தபோது மூட்டை கட்டும் நாள் வந்துவிட்டது. பெரிய குறையாக அவர் இதைச் சொல்லவில்லை. ஆனால் கேட்டதிலிருந்து எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

1969இல், காந்தி நூற்றாண்டில், நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. இன்று நம்மில் பெரும்பாலோர் அறிந்த மாணவர் கிராமப்பணி அதுதான். ஏழு நாள் முகாம். கோயில் வளாகத்தில் தூய்மைப்பணி, மரக்கன்று நடுதல், மாலையில் கலைநிகழ்ச்சி. நானும் மாணவனாக அதில் போயிருக்கிறேன். இன்றும் நினைத்தால் மகிழ்ச்சி தருகிற நாட்கள். நாங்கள் நட்ட கன்றுகளுக்கு எட்டாம் நாள் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியாது. நிலைபேறு என்பதை ஏழு நாளில் கற்பிக்க முடியும் என்று நாம் எப்படி நம்பினோம்?

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

ஒட்டன்சத்திரம் என்றால் காய்கறிச் சந்தை. விடியுமுன்னே தக்காளியும் முருங்கையும் பச்சைமிளகாயும் வந்து இறங்கி, கேரளத்துக்கு லாரி ஏறும். விலை விழுந்தால் தக்காளி சாலையோரம் கொட்டப்படும். இந்த விளைச்சல் அனைத்தும் பெரும்பாலும் கிணற்றுப் பாசனம். அதனால் 2017இல் நாங்கள் தேர்ந்துகொண்ட பொருள் தண்ணீர். வேதியியல், வணிகவியல், தாவரவியல், தமிழ் என நான்கு துறை மாணவர்கள். தமிழ்த்துறை எதற்கு என்று மற்றவர்கள் கேட்டபோது, அறிக்கையைப் பிழையின்றி எழுதுவதற்கு என்று நானே சொன்னேன். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மூதாட்டியின் கேள்விக்குப் பிறகு, வினாப்பட்டியலைக் கிழித்துப் போடவில்லை, மூடி வைத்தோம். ஒரு மாணவி பெரியவர் ஒருவரிடம், ஐயா, உங்கள் சின்ன வயதில் இந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று கேட்டாள். "கவலை ஓட்டுன காலத்துல அந்த ஏழாம் படி மறைய நிக்கும் கண்ணு" என்றார் அவர். கவலை என்ற சொல்லை வேதியியல் மாணவன் மனக்கவலை என்று எழுதிக்கொண்டான். மாடு பூட்டி நீரிறைக்கும் சால். மதுரைப் பக்கம் கமலை, கொங்குப் பக்கம் கவலை. எங்கள் வட்டாரம் இரண்டுக்கும் எல்லை என்பதால் இரண்டு சொல்லும் ஒரே தெருவில் கேட்கும். தமிழ் மாணவர்கள் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதிலில் இருந்த பெரிய செய்தியைப் பிடித்தவள் வணிகவியல் மாணவி. படிகள் இன்னும் இருக்கின்றனவே சார், அளந்துவிடலாமே என்றாள்.

பழைய கிணறுகளில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளே அளவுகோல் ஆயின. ஒவ்வொரு கிணற்றடியிலும் முதியவர் ஒருவரை நிறுத்தி, கவலைக் காலத்தில் எந்தப் படி, மின்மோட்டார் வந்த பின் எந்தப் படி, ஆழ்துளைக் கிணறு போட்ட பிறகு எந்த ஆண்டில் அடித்தளம் தெரிந்தது என்று கேட்டுக்கொண்டோம். கேட்டு, அவர்கள் சொல்லிலேயே எழுதியவர்கள் தமிழ் மாணவர்கள். கயிறு கட்டி அளந்தது தாவரவியல். பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பளவைப் பார்த்தது வேதியியல். அந்தத் துளை போடக் கடன் யாரிடம், எத்தனை வட்டிக்கு, எத்தனை துளை பொய்த்தது என்று கேட்டவர்கள் வணிகவியல். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் புதிது ஒன்றுமில்லை. ஒரே வரைபடத்தில் குறித்தபோது, படி இறங்க இறங்கக் கடன் ஏறுவதும், இன்னும் ஆழத்தில் கிடைத்த தண்ணீர் உவர்ப்பாக இருப்பதும் ஒரே பார்வையில் தெரிந்தன. எந்தப் பாடநூலும் தராத ஒரு பக்கம் அது.

அந்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று கிராம சபையில் அதைப் படித்தோம். அப்போது உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் தலைவர் இல்லை; தனி அலுவலர் பொறுப்பில் சபை நடந்தது. பள்ளிக்கூடச் சுவரில் வரைபடத்தைத் தொங்கவிட்டு, மாணவி ஒவ்வொரு கிணறாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தம் கிணற்றின் பெயர் வரும்போது நிலக்காரர்கள் தலையசைத்தார்கள். இரண்டு இடத்தில் படிக்கணக்குத் தவறு என்று திருத்தினார்கள். எங்களுக்குப் பெருமிதமாக இருந்தது.

பின்வரிசையிலிருந்து அதே மூதாட்டி எழுந்தார். "எங்க தெருக் கிணறு எங்கீங்க சாமி?"

வரைபடத்தில் அது இல்லை. பட்டா உள்ள கிணறுகளை மட்டுமே அளந்திருந்தோம். யாரிடம் கிணறு இருக்கிறதோ அவரிடமே கேட்டோம். ஊருக்குக் கிழக்கே, பொதுக்கிணற்றில் வாளி போட முடியாதிருந்த காலத்தில், அத்தெருக்காரர்கள் தாங்களே வெட்டிக்கொண்ட கிணறு ஒன்று இருந்திருக்கிறது. எழுதவேண்டியது என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. அந்தத் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்து எங்கள் குழுவிலேயே இருந்த மாணவன் ஒருவன் தலைகுனிந்து நின்றான், அவனும் சொல்லவில்லை. ஸ்லேட்டரின் மாணவர்களைப் பற்றி மேலே நான் எழுதியதை, அந்த நிமிடத்துக்குப் பிறகே எழுதத் துணிந்தேன்.

சபை முடிந்ததும் அந்த மாணவன் முன்னால் நடக்க, நாங்கள் எல்லாரும் மூதாட்டியுடன் அந்த இடத்துக்குப் போனோம். கிணறு தூர்ந்து போயிருந்தது. குப்பையும் முள்ளும் நிறைந்து, மேல்வரிசைக் கல் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. கயிறு விட இடமில்லை. எந்தப் படி வரை தண்ணீர் நிற்கும் பாட்டி என்று அவன் கேட்டான். அவர் சற்று நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பதினோராம் படி என்றார். அளக்க வழியில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம்.